வழிப்பறியும் பிறவிக் குற்றமும்

(திருச்சுழியில் நடந்த பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று நான் பேச வேண்டும் என்று கேட்டுக் கொள்ளப்பட்டிருக்கும் விஷயம் வழிப்பறியைப் பற்றியதாகும். பகுத்தறிவுக் கூட்டத்தில் திருடர் கதை எதற்கு என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். நான் கதை சொல்ல வரவில்லை. ஒரு மனிதன் திருடனாகப் பிறக்கிறானா, அல்லது திருடனாக ஆக்கப்படுகிறானா என்ற ஒரே ஒரு கேள்வியைத்தான் இங்கு கொண்டு வந்திருக்கிறேன். இந்தக் கேள்விக்கு விடை சொல்ல இந்த வானம் பார்த்த கரிசல் பூமியைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அருமையாகும்.

இன்று சாயங்காலம் அருப்புக்கோட்டையில் பஸ் ஏறினேன். பையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினவன், திருச்சுழி என்று கண்டக்டர் கூப்பிட்ட பிறகுதான் விழித்தேன். பையும் என்னோடு பத்திரமாக வந்து சேர்ந்தது. இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். நம் பாட்டனுக்குப் பாட்டன் காலத்தில் மடியில் பணத்தோடு ஒருவன் இதே பாதையில் இருட்டில் தூங்கிக்கொண்டு வந்திருந்தால், மறுநாள் காலையில் பணமும் இருந்திராது, ஆளும் முழுசாய் இருந்திருப்பானா என்பது சந்தேகம். துணையில்லாமல் இராத்திரியில் வண்டி பூட்டப் பயந்த காலம் அது. அந்தப் பயம் இன்று இல்லை. அது எப்படிப் போயிற்று? கடவுள் வந்து போக்கினாரா? அல்லது இந்தச் சீமை ஜனங்களின் இரத்தம் மாறிப் போயிற்றா? இதை நாம் யோசிக்க வேண்டாமா?

முதலிலேயே ஒன்று சொல்லி விடுகிறேன். நான் பேசும்போது சில ஜாதிகளின் பெயர்கள் வரும். எந்த ஜாதியாரையும் பழிப்பதற்கோ, எந்த ஜாதியாருக்கும் மாலை போடுவதற்கோ அந்தப் பெயர்களை நான் சொல்லவில்லை. பெயரைச் சொல்லாமல் சரித்திரம் சொல்ல முடியாது என்பதற்காகவே சொல்லுகிறேன்.

கடவுள் செய்த வழிப்பறி

வழிப்பறி பாவம் என்று நமக்குச் சொல்லிக் கொடுக்கிறவர்கள் யார்? பெரும்பாலும் பக்தர்கள்தான். ஆனால் அவர்களுடைய புராணத்தைப் புரட்டிப் பாருங்கள். இந்த ஊர்க் கோயிலைப் பாடியவர் சுந்தரமூர்த்தி நாயனார். அவர் சேர நாட்டில் சேரமான் பெருமாள் கொடுத்த பொன்னையும் பொருளையும் ஆட்கள் தலையில் ஏற்றிக்கொண்டு திருவாரூருக்குத் திரும்பி வருகையில், கொங்கு நாட்டுத் திருமுருகன்பூண்டிக்கு அருகே வேடர்கள் வழிமறித்து அத்தனையையும் பறித்துக் கொண்டார்களாம். அந்த வேடர்கள் யார் என்றால், சிவபெருமானுடைய பூதகணங்களாம்! நாயனார் தம்மைப் பாட வேண்டும் என்பதற்காக, சுவாமியே ஆளை ஏவி வழிப்பறி செய்தாராம். பாடின பிறகு பறித்த பொருள் திரும்பி வந்ததாம்.

சைவருக்குத்தான் இப்படி என்று வைஷ்ணவர்கள் சிரிக்க வேண்டியதில்லை. திருமங்கையாழ்வார் என்ன தொழில் செய்தார்? நாள்தோறும் ஆயிரத்தெட்டு வைஷ்ணவர்களுக்குச் சோறு போட வேண்டும் என்று வழிப்பறி செய்தார். அவரை ஆட்கொள்ளப் பெருமாளே நகை நட்டோடு கலியாண மாப்பிள்ளையாக வந்தார். ஆழ்வார் அவரையும் மடக்கி, கழற்ற வராத கால் அணியைப் பல்லால் கடித்து இழுத்தார். நாகப்பட்டினத்துப் பொன் புத்தர் சிலையைக் களவாடி ஸ்ரீரங்கத்துத் திருப்பணிக்குச் செலவிட்டார் என்றும் அவர்களுடைய குருபரம்பரைக் கதையே சொல்லுகிறது. இந்தக் கொள்ளையை ‘வேடுபறி’ என்று பெயர் வைத்து ஸ்ரீரங்கத்தில் இன்றைக்கும் வருஷா வருஷம் உற்சவமாக நடித்துக் காட்டுகிறார்கள்.

ஆகவே, சுவாமி செய்தால் வழிப்பறி திருவிளையாடல். ஆழ்வார் செய்தால் கைங்கரியம். பஞ்சத்தில் பட்டினி கிடந்தவன் செய்தால் மட்டும் அது பிறவிக் குற்றம். அவனுக்கு மாத்திரமல்லாமல் அவன் பிள்ளைக்கும் பேரனுக்கும் குற்றம்! இது என்ன நியாயம் என்று கேட்கிறேன்.

இந்த ஊரில் 1879-ஆம் வருஷம் பிறந்த வெங்கட்ராமன் என்பவர்தான் பிற்காலத்தில் ரமண மகரிஷி என்று உலகமெல்லாம் பேர் பெற்றவர். அவருடைய திருவண்ணாமலை ஆசிரமத்தில் 1924-ஆம் வருஷம் ஜூன் மாதம் 26-ஆம் தேதி இராத்திரி திருடர்கள் புகுந்தார்கள். வேண்டியதை எடுத்துக் கொள்ளுங்கள் என்று அவர் சொல்லியும், அவர் தொடையிலேயே தடியால் அடித்தார்கள். எதிர்த்து அடிக்கப் போன சீடர்களை அவர் தடுத்து விட்டார். அவருடைய பொறுமையை நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் பிறகு என்ன நடந்தது? டவுனுக்கு ஆள் ஓடினான், போலீசார் வந்தார்கள். கடவுள் என்று கும்பிடப்பட்டவரின் இடத்திலேயே திருட்டுக்கு மருந்து தியானமல்ல, போலீசுதான் என்று ஏற்பட்டது. சாதாரண மனிதன் மட்டும் ஏன் காணிக்கையை முடிந்து வைத்துக்கொண்டு, சாமி பார்த்துக் கொள்ளும் என்று இருட்டில் நடக்க வேண்டும்?

காவலும் களவும்

சரி, கடவுளை விட்டு விட்டு மனிதர் சங்கதிக்கு வருவோம்.

இந்தச் சீமையில் போலீசு வருவதற்கு முன் காவல் என்று ஒன்று இருந்தது. ஊருக்கு ஒரு காவல்காரன். அவனுக்கு விளைச்சலில் ஒரு பங்கு. இது ஸ்தலக்காவல். பல ஊர்களுக்கும் பாதைகளுக்கும் பாளையக்காரர் பார்த்த காவல் திசைக்காவல். மாடு களவு போனால் காவல்காரன் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும், அல்லது ஈடு கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நடைமுறையில் என்ன ஆயிற்று? காவல் கூலி கொடுக்காத ஊரில்தான் களவு நடந்தது. களவு போன மாடு எங்கே இருக்கிறது என்று சொல்லுவதற்குத் ‘துப்புக்கூலி’ என்று ஒன்று வசூலிக்கப்பட்டது. கூலி கொடுத்தால் இரண்டாம் நாள் மாடு வீட்டுக்கு வந்து விடும்! ஒரே கை காவலுக்கும் நீண்டது, களவுக்கும் நீண்டது. வேலியே பயிரை மேய்ந்தது என்று இதைத்தான் சொல்லுவது.

இப்படிப்பட்ட காவல்காரரில் பெரும்பாலார் மறவரும் கள்ளரும் ஆவர். அவர்கள் இரத்தத்தில் களவு இருந்ததால் அப்படியா? இல்லை. அவர்கள் பாளையக்காரர்களுக்குப் படையாய் இருந்தவர்கள். சண்டை இருந்த காலத்தில் வேல்கம்புக்குச் சோறு இருந்தது. கம்பெனியார் 1799-இல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். 1801-இல் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டார்கள். அந்த வருஷக் கடைசியிலேயே ஜனங்கள் ஆயுதங்களை ஒப்படைத்துவிட வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். 1803-இல் ராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளை ஜமீன்களாக்கி, ராஜாக்களுக்குப் பேஷ்குஷ் தொகையை நிரந்தரமாக்கிக் கொடுத்தார்கள். பெரிய ராஜாவுக்கு ஜமீன் கிடைத்தது. அவனுக்காக வேல் பிடித்தவனுக்கு என்ன கிடைத்தது? மழை பெய்தால் விளையும், பெய்யாவிட்டால் வெடிக்கும் என்ற பூமியும், கூலி நிச்சயமில்லாத காவலுமே மிச்சம். குண்டாற்றில் வருஷத்தில் எத்தனை நாள் தண்ணீர் ஓடும் என்பது உங்களுக்கே தெரியும். படைத் தொழிலைப் பிடுங்கினார்கள், வேறு தொழில் கொடுக்கவில்லை, படிப்புக் கொடுக்கவில்லை. அப்புறம் அவன் பாதையில் நின்றால், அவன் பிறவித் திருடன் என்று எழுதிக் கொண்டார்கள்.

ஆனால் ஒன்று. வழிப்பறிக்காரனை ஏழைகளின் வள்ளல் என்று பாட்டுக் கட்டுவதும் எனக்குச் சம்மதமில்லை. அவன் ராஜாவின் அரண்மனையையா பறித்தான்? உப்பு வண்டிக்காரனையும், கருப்பட்டி வியாபாரியையும், சந்தைக்குப் போய் வந்த பெண்பிள்ளையின் காதுத் தோட்டையும்தான் அதிகமாய்ப் பறித்தான். பறிகொடுத்தவனின் கண்ணீரை மறந்து விட்டுப் பறித்தவனின் மீசையைப் புகழ்வது யோக்கியமான காரியமல்ல.

பேட்டைச் சுவர்

பறிகொடுத்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்கு அருப்புக்கோட்டையே சாட்சி. தெற்கேயிருந்து கருப்பட்டி, உப்பு, கருவாடு, புகையிலை, பருத்தி என்று மாட்டு வண்டியில் வியாபாரம் செய்து வந்த நாடார்கள், வழியில் வண்டியும் மாடும் சரக்கும் பத்திரமாய்த் தங்குவதற்குச் சுவர் எழுப்பிப் பேட்டைகள் கட்டிக் கொண்டார்கள். சிவகாசி, விருதுபட்டி என்ற இன்றைய விருதுநகர், திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகிய ஆறு ஊர்களில் இந்தப் பேட்டைகள் வேர் விட்டன. வருகிற போகிற சரக்கின்மேல் ‘மகமை’ என்று ஒரு சிறு தொகை எல்லோரிடமும் வாங்கிப் பொது நிதி சேர்த்தார்கள். அந்த மகமைப் பணத்திலிருந்துதான் பிற்காலத்தில் பள்ளிக்கூடங்கள் எழுந்தன.

இங்கே நீங்கள் கவனிக்க வேண்டியது என்ன? அவர்கள் கள்ளனிடமிருந்து தப்பக் கருப்பசாமிக்குக் கிடா வெட்டினதோடு நிற்கவில்லை. செங்கல்லும் சுண்ணாம்பும் வாங்கினார்கள். கணக்குப் புத்தகம் வைத்தார்கள். ஒற்றுமையாய்ப் பணம் போட்டார்கள். புத்திதான் அவர்களைக் காப்பாற்றியது.

ஆனால் கள்ளனைத் தடுத்த சுவர், ஜாதியைத் தடுக்கவில்லை. 1897-இல் நாடார்கள் சிலர் கமுதிக் கோயிலுக்குள் நுழைந்தார்கள் என்று வழக்குப் போடப்பட்டது. மதுரைக் கோர்ட்டு, சென்னை ஹைக்கோர்ட்டு எல்லாம் தாண்டி லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய், 1908-இல் அவர்களுக்கு உள்ளே போக உரிமை இல்லை என்றே தீர்ப்பாயிற்று. இதற்கு நடுவில் 1899-ஆம் வருஷம் ஜூன் 6-ஆம் தேதி சிவகாசி சூறையாடப்பட்டது. வந்தவர்களில் பெரும்பாலார் மறவர்கள், பறிகொடுத்தவர்கள் நாடார்கள். இரண்டு பேரையும் சூத்திரர் என்று எழுதி வைத்தவனோ, எந்தச் சேதமுமில்லாமல் சாஸ்திரம் படித்துக் கொண்டிருந்தான். வழிப்பறிக்காரன் ஒரு நாள் இராத்திரி மடியைப் பறிக்கிறான். ஜாதியோ, பிறந்த நாள் முதல் சாகிற வரைக்கும் மானத்தைப் பறிக்கிறது. இதில் பெரிய கொள்ளை எது?

கூட்டமா, கர்ப்பமா?

இனி வெள்ளைக்கார சர்க்கார் என்ன செய்தது என்பதைப் பார்ப்போம். அதற்கு முன்னால் வேறு ஒரு தேசத்தைக் கொஞ்சம் பார்த்து வருவது நல்லது. பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் நம் நாட்டின் விசேஷம் விளங்கும்.

கிழக்கே கடலுக்கப்பால் பிலிப்பைன்ஸ் தீவுகள் இருக்கின்றன. ஸ்பெயின் தேசத்தார் அவற்றை 300 வருஷத்துக்கு மேல் ஆண்டார்கள். வரிக்கும் கட்டாய வேலைக்கும் பாதிரிகளின் நிலக் கொள்ளைக்கும் தப்பி மலைக்கு ஓடினவர்களில் பலர் பாதையில் கொள்ளையடித்துப் பிழைத்தார்கள். அவர்களுக்கு அங்கே ‘துலிசான்’ என்று பெயர். 1898-இல் ஸ்பெயினிடமிருந்து அமெரிக்கா அந்தத் தீவுகளை 2 கோடி டாலர் கொடுத்து வாங்கிக் கொண்டது. விடுதலை கேட்டு ஜனங்கள் சண்டை போட்டார்கள். அமெரிக்கர் 1902-ஆம் வருஷம் நவம்பரில் கொள்ளைக்காரர் சட்டம் ஒன்று செய்தார்கள். கொள்ளைக் கூட்டத்தில் ஒருவன் இருந்தான் என்று ருசுவானால் போதும். அவன் கையால் திருடினான் என்று காட்ட வேண்டியதில்லை. மரண தண்டனை, அல்லது 20 வருஷத்துக்குக் குறையாத சிறை. மக்காரியோ சக்காய் என்ற விடுதலை வீரர், மன்னிப்பு உண்டு என்று நம்பி 1906-இல் மலையிலிருந்து இறங்கி வந்தார். அந்தச் சட்டத்தின் கீழேயே அவரைக் குற்றவாளியாக்கி, 1907 செப்டம்பர் 13-ஆம் தேதி தூக்கிலிட்டார்கள். தான் கொள்ளைக்காரன் அல்ல என்று சொல்லிக் கொண்டே அவர் செத்தார். இன்றைக்கு மணிலாவில் அவருக்குச் சிலை இருக்கிறது.

அது அக்கிரமமான சட்டம்தான். ஆனால், அந்த அக்கிரமச் சட்டம் கூட ஒரு மனிதனைப் பார்த்து, “நீ எந்தக் கூட்டத்தோடு சேர்ந்து நடந்தாய்?” என்றுதான் கேட்டது. நம் நாட்டிலும் 1836-இல் தக்கர் என்ற கழுத்து நெரிக்கும் கொள்ளைக்காரருக்காகச் செய்த சட்டம் கூட்டத்தைத்தான் கேட்டது. ஆனால் 1871-இல் வட இந்தியாவுக்கென்று செய்து, 1911-இல் சென்னை ராஜதானி உள்பட எங்கும் விரித்த குற்றப் பரம்பரைச் சட்டம் இருக்கிறதே, அது என்ன கேட்டது? “நீ யார் வயிற்றில் பிறந்தாய்?” என்று கேட்டது! கூட்டத்தை விட்டு ஒருவன் விலகலாம். தாய் வயிற்றை விட்டு எப்படி விலகுவான்?

இந்தப் புத்தி வெள்ளைக்காரனுக்கு எங்கிருந்து வந்தது? இந்த நாட்டில் தச்சன் மகன் தச்சன், சக்கிலி மகன் சக்கிலி, பார்ப்பான் மகன் பார்ப்பான் என்று ஆயிரக்கணக்கான வருஷமாய்ச் சொல்லப்பட்டு வருகிறதைக் கேட்டான். அப்படியானால் திருடன் மகன் திருடனாகத்தானே இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டான். மநு போட்ட கோலத்தின் மேல்தான் வெள்ளைக்காரன் கோடு இழுத்தான். ஒருவனைப் பிறவியினால் உயர்ந்தவன் என்று ஒப்புக் கொண்டால், இன்னொருவனைப் பிறவியினால் குற்றவாளி என்றும் ஒப்புக் கொள்ளத்தான் வேண்டும். முதலாவதை ஒப்புக்கொண்டு இரண்டாவதை மட்டும் ஆட்சேபிப்பது செல்லுமா?

இந்தச் சட்டத்தை ஜனங்கள் ‘ரேகைச் சட்டம்’ என்று சொன்னார்கள். பத்து விரலையும் மையில் தோய்த்துப் பதிவு செய்வது. இராத்திரியில் போலீசார் சொன்ன இடத்தில் ஆஜராகிப் படுப்பது. வெளியூருக்குப் போக வேண்டுமானால் அனுமதிச் சீட்டு வாங்குவது. பெண்டாட்டிக்குப் பிரசவ வேதனை என்றாலும், தாய்க்கு உயிர் போகிறது என்றாலும் சீட்டு வேண்டும். பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைக்கவும் 1911-ஆம் வருஷத்துச் சட்டம் இடம் கொடுத்தது. ஒரு திருட்டும் செய்யாதவனுக்கும் இதுதான் கதி. குறவர்கள் ஊர் ஊராய்க் கட்டுப்பட்டார்கள். பிரமலைக் கள்ளர்கள் கட்டுப்பட்டார்கள். நமக்குப் பக்கத்து ஆப்பநாட்டு மறவர்மீது 1929-இல் இந்தச் சட்டம் ஏவப்பட்டது.

1920-ஆம் வருஷம் ஏப்ரல் 3-ஆம் தேதி உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில், நாங்கள் கைரேகை கொடுக்க மாட்டோம் என்று ஜனங்கள் மறுத்தார்கள். போலீசார் சுட்டார்கள். மாயக்காள் என்ற ஒரு பெண் உட்பட 15 பேருக்கு மேல் செத்தார்கள். அதற்கு முந்தின வருஷம் அமிர்தசரசில் சுட்டதை நாடே பேசிற்று, இன்றும் பேசுகிறது. பெருங்காமநல்லூரைப் பற்றி நம் பாடப் புத்தகத்தில் எத்தனை வரி படித்தீர்கள்? செத்தவன் ஜாதி எது என்று பார்த்துத்தான் சரித்திரக்காரனும் அழுவான் போலிருக்கிறது!

சோளத்தின் விலை

களவு இரத்தத்தில் இருக்கிறது என்று இன்றைக்கும் சொல்லுகிறவர்களுக்கு நான் ஒரு கணக்கு மட்டும் சொல்லுகிறேன். 1876-78-இல் வந்தது தாது வருஷப் பஞ்சம். அந்தப் பஞ்சத்தில் தானிய விலை ஏற ஏற, சென்னை ராஜதானியில் கொள்ளைகளின் எண்ணிக்கையும் ஏறியது. பஞ்சம் தீர்ந்து விலை இறங்கினதும் கொள்ளையும் இறங்கியது. இது சர்க்கார் போலீசாரின் அறிக்கைகளிலிருந்தே தெரிகிற சங்கதி. இப்பொழுது கேட்கிறேன்: இரத்தம் சோள விலையைப் பார்த்து ஏறி இறங்குமா? ஏறி இறங்குவது வயிறுதானே?

இன்னொன்று. ஐந்து பேரும் அதற்கு மேலும் சேர்ந்து பறித்தால் அது கூட்டுக் கொள்ளை என்று 1860-ஆம் வருஷத்துத் தண்டனைச் சட்டம் இலக்கணம் சொல்லிற்று. அந்த ஐந்து பேரும் ஒரே ஜாதியாக இருக்க வேண்டும் என்று சட்டமும் சொல்லவில்லை, உலகமும் சொல்லவில்லை. 1920-களின் தொடக்கத்தில் திருநெல்வேலிச் சீமையில் பேர் பெற்ற ஜம்புலிங்கம் என்ற கொள்ளைக்காரர், பேட்டை கட்டித் திருட்டுக்குத் தப்பினார்களே, அந்த நாடார் வகுப்பில் பிறந்தவர். தோன்றின இடம் வியாபார ஜாதி, ஆனது கொள்ளைக்காரர். துன்புறுத்தல்தான் அவரைக் கொள்ளைக்குத் துரத்தியது என்று டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மையார் ஒரு புத்தகமே எழுதினார். நிலைமை நெருக்கினால் எந்த ஜாதியானும் பறிப்பான்; நிலைமை திருந்தினால் எந்த ஜாதியானும் உழைத்துச் சாப்பிடுவான். இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

பாதையைத் திறந்தது எது?

வழிப்பறிப் பயம் எப்படிப் போயிற்று என்று ஆரம்பத்தில் கேட்டேன். 1876-இல் மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் ரயில் ஓடியது. மண் பாதைகள் கப்பி ரோடுகள் ஆயின, மோட்டார் வந்தது, விளக்கு வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாய்ப் பள்ளிக்கூடம் வந்தது. எந்த ஊர்களில் ரேகை எடுத்தார்களோ, அதே ஊர்களில் திறக்கப்பட்ட கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளில் படித்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பின்னாளில் வாத்தியாராகவும் வக்கீலாகவும் டாக்டராகவும் போலீசு உத்தியோகஸ்தராகவும் ஆனார்கள். ரேகை உருட்டின கை பேனா பிடித்தது. இரத்தம் அப்படியேதான் இருந்தது!

ஆனால், ரோடு போட்டதினால் மட்டும் பாதை எல்லோருக்கும் திறந்து விடவில்லை. மோட்டார் பஸ் வந்த புதிதில், தாழ்த்தப்பட்ட மக்களை ஏற்ற மாட்டோம் என்ற பஸ்காரர்கள் இருந்தார்கள். காசு கொடுத்தாலும் இடமில்லை! வழியில் நின்று மடியைப் பறித்தால் கள்ளன் என்கிறோம். வழியையே பறித்தவனை என்னவென்று சொல்லுவது? 1929-இல் செங்கல்பட்டில் கூடிய முதலாவது சுயமரியாதை மாகாண மகாநாட்டுக்குத் தலைமை வகித்த பட்டிவீரன்பட்டி சௌந்திரபாண்டியனார்தான், ராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராய் இருந்தபோது, தாழ்த்தப்பட்டோரை ஏற்ற மறுக்கும் பஸ்களுக்கு லைசென்சு கிடையாது என்று உத்தரவு போட்டார். அந்தக் காலத்தில் இந்தத் திருச்சுழியும் ராமநாதபுரம் ஜில்லாதான். விருதுநகர் ஜில்லா என்று பிரிந்தது 1985-இல். ஆகவே நான் இன்று சாயங்காலம் தூங்கிக்கொண்டு வந்தேனே, அந்தப் பாதையில் என்னைத் தூங்க விட்டது போலீசு மட்டுமல்ல, அந்த உத்தரவும்தான். சுயமரியாதை இயக்கம் இந்த வறண்ட சீமைக்கு என்ன செய்தது என்று கேட்கிறவர்களுக்கு இது ஒன்றே போதுமான பதில்.

ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்

தோழர்களே! குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-இல் ரத்தாயிற்று. இந்தியா முழுவதும் 1952-இல் ரத்தாயிற்று. ஆனால் 1948-இலேயே வாடிக்கைக் குற்றவாளிகள் சட்டம் என்று வேறொன்று இந்த மாகாணத்தில் வந்து விட்டது. அது ஜாதியைக் கேட்கவில்லை, ஆளைத்தான் கேட்டது என்பது உண்மை. ஆனாலும், ஓர் ஊரில் திருட்டு நடந்தால் முதலில் யார் குடிசையைத் தட்டுகிறார்கள்? குறவர் குடிசையைத் தட்டும் வழக்கம் சட்டத்தோடு செத்துப் போயிற்றா? சட்டப் புத்தகத்தில் கிழித்த பக்கம் மனிதர் மூளையில் கிழியவில்லை.

இங்கு உட்கார்ந்திருக்கும் வாலிபர்களுக்குக் கடைசியாக ஒன்று சொல்லுகிறேன். கொஞ்சம் கசப்பாகத்தான் இருக்கும். குற்றப் பரம்பரை என்று சொன்னால் நமக்குக் கோபம் வருகிறது, வர வேண்டியதுதான். ஆனால் ‘வீரப் பரம்பரை’, ‘ஆண்ட பரம்பரை’ என்று சுவரில் எழுதினால் மட்டும் ஏன் உச்சி குளிருகிறது? கையில் ஜாதிக்கு ஒரு நிறமாய்க் கயிறு கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறானே பையன், அவனை நான் கேட்கிறேன்: உன் பாட்டன் கை விரலில் போலீசுக்காரன் பலவந்தமாய் மை தடவி இன்ன ஜாதி என்று பதிந்தான், அதை எதிர்த்துப் பெருங்காமநல்லூரில் உயிரைக் கொடுத்தார்கள், நீயோ யாரும் பலவந்தம் செய்யாமலே உன் மணிக்கட்டில் நீயே ஜாதியைக் கட்டிக் கொள்ளுகிறாயே, இது நியாயமா? பாட்டனின் வீரம் இரத்தத்தில் வருமானால், பாட்டனின் களவும் இரத்தத்தில் வரும் என்றுதான் எதிரி சொல்லுவான். அவன் வாயை அடைக்க உன்னிடம் என்ன பதில் இருக்கிறது? குற்றப் பரம்பரை, வீரப் பரம்பரை, வேதப் பரம்பரை எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகளே! ஒன்றை வைத்துக் கொண்டு மற்றொன்றை எறிய முடியாது. எறிந்தால் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் எறிய வேண்டும்.

ஆகையால் தோழர்களே, களவு ஒழிய வேண்டுமானால் பசியும், வேலையில்லாமையும், படிப்பில்லாமையும் ஒழிய வேண்டும். களவுப் பழி ஒழிய வேண்டுமானால் பிறவியினால் மனிதனை அளக்கும் ஜாதி ஒழிய வேண்டும். கிடா வெட்டினால் முன்னது ஒழியாது. கயிறு கட்டினால் பின்னது ஒழியாது. இரண்டுக்கும் புத்தியும் மானமும்தான் வேண்டும்.

நான் சொன்னதற்காக இவற்றை நீங்கள் நம்ப வேண்டியதில்லை. வீட்டுக்குப் போய், நிதானமாக யோசித்து, உங்கள் அறிவுக்குச் சரி என்று பட்டதை எடுத்துக் கொள்ளுங்கள். மற்றதைத் தள்ளி விடுங்கள்.